பொடியன்களும் மாங்கனியும்

ஒரு பொடியனுக்கு வேற்றுக் கிரகத்துக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஊரார் அவரவர் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்க, இவன் மட்டும் நட்சத்திரங்களை நினைத்து ஏங்கித் திரிகிறான். கடைசியில் தன் கையாலேயே ஒரு ராக்கெட் கட்டி முடிக்கிறான். உள்ளே உட்கார்ந்து சைக்கிள் மிதிப்பதுபோல் மிதித்தால் மேலே கிளம்பிவிடும் என்பது அவன் கணக்கு. வழியனுப்ப ஊரே திரண்டு நிற்கிறது. மிதிக்கிறான், மிதிக்கிறான், வேர்த்து விறுவிறுத்துப் போகிறான். ராக்கெட் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை.

அவன் உடைந்துபோய் உட்கார்ந்துவிடுகிறான். சிவப்புத் தொப்பி போட்ட ஊர்ப் பெரியவருக்கு மனசு கேட்கவில்லை. மற்றவர்களைக் கூப்பிட்டு ரகசியமாக ஒரு யோசனை சொல்கிறார். இன்னொரு தடவை கிளம்பிப் பார் என்று அவனை ஏற்றி உட்காரவைக்கிறார்கள். குடிக்கக் கொடுத்ததில் தூக்க மருந்து. அவன் உள்ளே அசந்து தூங்க, ராக்கெட்டை அக்கக்காகக் கழற்றிச் சுமந்துகொண்டு மலையேறி, அணைந்துபோன எரிமலை ஒன்றின் வாய்க்குள் இறக்கி, மறுபடி பூட்டி நிறுத்துகிறார்கள். பிறகு பெரியவர் காய்ச்சிய மருந்தைக் குடித்து, நீலநிறப் பொடியன்கள் அத்தனை பேரும் ரோமம் அடர்ந்த காட்டுவாசிகளாக உருமாறிக் காத்திருக்கிறார்கள். அவன் கண்விழித்துக் கதவைத் திறந்தால், வெளியே புதுக் கிரகம்.

இது 1970-ல் பிரெஞ்சு மொழியில் புத்தகமாக வந்த சித்திரக்கதை. ஸ்மர்ஃப்கள் என்று உலகம் முழுக்கத் தெரிந்த நீலக் குட்டி மனிதர்களின் கதை. எங்கள் வீட்டில் அவர்களுக்குப் பொடியன்கள் என்று பெயர். சின்னக் குழந்தைகளுக்கான மாயாஜாலச் சாகசக் கதை எப்படி இருக்கவேண்டும் என்று யாராவது கேட்டால், இதைத்தான் முதலில் எடுத்துக் கொடுப்பேன். இதில் வில்லன் இல்லை, அடிதடி இல்லை. ஆனாலும் பக்கத்துக்குப் பக்கம் பதைப்பு: அவனுக்குத் தெரிந்துவிடுமோ, யாராவது வாய்தவறி உளறிவிடுவார்களோ என்று. ஒருவன் சந்தோஷமாக இருப்பதற்காக ஓர் ஊரே சேர்ந்து பாடுபடுகிறது. இதைவிடப் பெரிய சாகசம் எனக்குத் தெரியவில்லை.

ஒன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகள் கதை முடிந்ததும் கேட்டாள், “அவன்கிட்ட யாருமே சொல்லிடலையாப்பா?”

“இல்ல பாப்பா.”

“ஏன்?”

நான் பதில் யோசிப்பதற்குள் பக்கத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அம்மா சொன்னார், “சொல்லிட்டா அந்தப் புள்ள மனசு என்னா பாடுபடும்டி.”

அப்பாயி சொன்னது போதும் என்று அவள் அடுத்த புத்தகத்தை எடுக்கப் போய்விட்டாள்.

பொடியன்களைப் படைத்தவர் பெயோ. இயற்பெயர் பியேர் கல்லிஃபோர்ட். 1928-ல் பிரஸ்ஸல்ஸில் பிறந்தவர். பெல்ஜியத்தின் ‘ஸ்பிரூ’ வார இதழில், இடைக்கால அரசவை ஒன்றில் வாழும் ஜொஹான், பிர்லுயி என்ற இரண்டு நண்பர்களின் தொடரை வரைந்துவந்தார். அதில் ஒரு மந்திரப் புல்லாங்குழல் கதை. குழலை ஊதினால் கேட்பவர்கள் எல்லோரும் ஆடியே தீரவேண்டும், களைத்து விழும்வரை. அந்தக் குழலைச் செய்தவர்கள் யார் என்று தேடிப்போகும் இடத்தில்தான், 1958 அக்டோபர் 23 இதழில், பொடியன்கள் முதன்முதலாகத் தலைகாட்டினார்கள். மூன்று ஆப்பிளை அடுக்கினால் வரும் உயரம். வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் காலாடை. நீல நிறத்தைத் தேர்ந்தது பெயோவின் மனைவி நீன்; அவர் படங்களுக்கு வண்ணம் தீட்டுபவர். பச்சை என்றால் காட்டு இலைகளோடு கலந்து மறைந்துவிடுவார்கள், சிவப்பு என்றால் கண்ணைக் குத்தும், அதனால் நீலம் என்று முடிவாயிற்று. இத்தனை எளிய காரணம்தான், ஆனால் அதற்குள் ஒரு பாடம் இருக்கிறது. குழந்தைக்குப் படம் வரைபவர்கள் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, ‘பக்கத்தைத் திறந்ததும் ஆளைக் கண்டுபிடித்துவிடுமா?’ என்பதே.

அந்தக் கதையில் துணைப்பாத்திரங்களாக வந்தவர்களை வாசகர்கள் விடவில்லை. அடுத்த வருஷமே பொடியன்களுக்கென்று தனிக்கதை வந்தது. அது வந்த விதம் எனக்கு ரொம்பப் பிடித்தது. ‘ஸ்பிரூ’ இதழின் ஆசிரியர் இவான் டெல்போர்ட் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். இதழின் நடுப்பக்கத் தாள்களைத் தனியே உருவி எடுத்து, மடித்து, வெட்டி, பின் அடித்தால், உள்ளங்கையில் அடங்கும் குட்டிப் புத்தகம் ஒன்று கிடைக்கும். குழந்தை தன் கையாலேயே புத்தகத்தைச் செய்து, பிறகு படிக்கவேண்டும். பொடியன்களின் ஆரம்பக் கதைகள் இப்படித்தான் வெளிவந்தன. குட்டி மனிதர்களுக்குக் குட்டிப் புத்தகம். பெரிய ஆல்பமாக அவை திருத்தி வரையப்பட்டது 1963-லிருந்துதான்.

பெயோவின் ஓவியத்தை மேலோட்டமாகப் பார்ப்பவர்கள் சாதாரணம் என்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அவர் பெரிய கலைஞர். ஒரே அச்சில் வார்த்த நூறு பொடியன்கள். ஒருவன் கண்ணாடி போட்டிருப்பான், ஒருவன் தொப்பியில் பூவைச் செருகிக் கையில் கண்ணாடி வைத்திருப்பான், ஒருவன் புஜத்தில் இதயம் பச்சைகுத்தியிருப்பான். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனால் ஒருபோதும் ஆள் குழம்பாது. கட்டத்துக்குள் எல்லோரும் தரையில் காலூன்றி நிற்பார்கள். ஓடுபவன் எந்தத் திசையில் ஓடுகிறான், யாரைப் பார்த்துப் பேசுகிறான் என்பதில் சந்தேகமே வராது. வித்தைகாட்டும் கோணங்கள் கிடையாது. எழுத்துக்கூட்டத் தெரியாத குழந்தை புத்தகத்தை மடியில் விரித்துவைத்து, படத்தை மட்டும் பார்த்து, முழுக்கதையையும் தானே சொல்லிக்கொள்ளும். என் மகள் எழுத்தைக் கற்கும் முன்பே அப்படித்தான் படித்தாள். அவள் சொன்ன கதையும் புத்தகத்தில் இருந்த கதையும் பெரும்பாலும் ஒத்துப்போயின. அந்தத் தெளிவை வரைந்து கொண்டுவருவது எத்தனை கடினம் என்பது, குழந்தைகளோடு உட்கார்ந்து நாமே வரைந்து பார்க்கும்போது தெரியும்.

தமிழில் காமிக்ஸ் என்றால் சிவகாசி. 1972-ல் முத்து காமிக்ஸ், 1984-ல் லயன் காமிக்ஸ். காரைக்கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் கடையில் க்ளிப் மாட்டித் தொங்கிய அந்தப் புத்தகங்களைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரும்புக்கை மாயாவியும் லக்கி லூக்கும் மதியில்லா மந்திரியும் என் தலைமுறைப் பையன்களுக்குச் சொந்தக்காரர்கள். ஆனால் ஒன்று: துப்பறிபவர்கள், கௌபாய்கள், உளவாளிகள் என்று அந்த உலகம் பத்துப் பன்னிரண்டு வயசுக்கு மேற்பட்டவர்களுடையது, அதிலும் பையன்களுடையது. எங்கள் அக்கா அதைத் தொட்டதில்லை. ஐந்து வயசுக் குழந்தைக்கும் பாட்டிக்கும் பொதுவான மாயக்கதை வேண்டுமென்றால் 1947 ஜூலையில் தொடங்கிய ‘அம்புலிமாமா’வைத்தான் நாடினோம். அங்கே முருங்கைமரமும் வேதாளமும் சங்கர் வரைந்த அந்த ஓவியமும் இருந்தன. வாண்டுமாமா இருந்தார், பறக்கும் மனிதர்களும் மந்திரவாதிகளும் நிறைந்த கதைகளை அலுக்காமல் எழுதிக் குவித்தார். அவர் 2014-ல் போனார். ‘அம்புலிமாமா’ அதற்குச் சற்று முன்பே நின்றுபோயிருந்தது. அந்த இடம் காலியாகவே கிடந்தது.

அதனால்தான் லயன் குழுவினர் ஸ்மர்ஃப்களைத் தமிழில் கொண்டுவந்தபோது, அது ஒரு தலைமுறைக்குச் செய்த உபகாரம் என்று நினைத்தேன். முழு வண்ணத்தில், வழவழப்பான தாளில், நீலப் பொடியன்கள் தமிழ் பேசினார்கள். இன்னும் நிறைய வரவேண்டும். வரும்போது ஒரு விஷயத்தைக் கவனிக்கவேண்டும் என்பது என் ஆசை. வசன பலூன்கள் பிரெஞ்சு எழுத்துக்கு அளவெடுத்து வரைந்தவை. தமிழ்ச் சொல் அகலமானது. விகுதியெல்லாம் சேர்ந்தால் ஒரு வினைச்சொல்லே பலூனை நிரப்பிவிடும். அதை அடைக்க எழுத்தைச் சுருக்கினால் பெரியவர்கள் சமாளிப்போம், எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை தடுக்கி விழும். சின்னக் குழந்தைக்கான காமிக்ஸில் வசனத்தைப் பாதியாக வெட்டினாலும் குற்றமில்லை, எழுத்து பெரிதாக இருக்கவேண்டும். மீதியைப் பெயோவின் கோடுகள் சொல்லிவிடும்.

எங்கள் வீட்டில் பொடியன்கள் இரண்டு மொழியில் இருக்கிறார்கள். அதற்குக் காரணம் இந்த ஊர். இடையிடையே ஆங்கிலேயர் பிடித்துக்கொண்ட சில வருஷங்கள் போக, 1739-லிருந்து காரைக்கால் பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1-ல் நிர்வாகம் இந்தியாவுக்கு வந்தது. 1962 ஆகஸ்ட் 16-ல் சட்டப்படியும் சேர்ந்தது. ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமையோடு பிரான்சுக்குப் போய்த் தங்கிவிட்ட குடும்பங்கள் தெருவுக்குத் தெரு உண்டு. ஜூலை, ஆகஸ்டில் அங்கே பள்ளி விடுமுறை விட்டால் இங்கே வீடுகள் நிறையும். பெட்டியைத் திறந்தால் சாக்லேட், சென்ட், அடியில் கெட்டி அட்டை போட்ட சித்திரக்கதை ஆல்பங்கள். என் அக்கா கல்யாணமாகி அங்கே போனதிலிருந்து எங்களுக்கும் அந்த வரத்து உண்டு. ராக்கெட் கதை அப்படித்தான் வந்தது.

பள்ளியில் படித்த பிரெஞ்சை வைத்துக்கொண்டு நான் கட்டம் கட்டமாகத் தமிழில் சொல்லுவேன். சில நாள் அக்கா வீடியோ காலில் வந்து பிரெஞ்சிலேயே வாசிப்பாள். நான்காம் வகுப்பு மகன், “அத்தை, மெதுவா வாசிங்க” என்று சொல்லிவிட்டு உதட்டசைவையே பார்த்துக்கொண்டிருப்பான். மகள் குரலைக் கேட்பதே இல்லை; படத்துக்குள் புகுந்துவிடுவாள். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, “இப்ப எங்க போறானுவ?” என்று கேட்டுக்கொண்டிருப்பார். நான்கு பேரும் ஒரே பக்கத்தை நான்கு விதமாகப் படிக்கிறோம். குடும்பத்துக்கான கதை என்று ஒன்றைச் சொல்வதானால், இப்படி எல்லோருக்கும் உள்ளே நுழைய ஒரு வாசல் வைத்திருப்பதைத்தான் சொல்லவேண்டும். குழந்தைக்கு மட்டும் என்று எழுதப்பட்டதைப் பெரியவர்கள் கடமைக்கு வாசிப்போம், அது குழந்தைக்கும் தெரிந்துவிடும்.

மகனுக்குப் பிடித்தது வேறொரு கதை. பெரியவர் மூலிகை தேடி வெளியூர் போகிறார். அவர் இல்லாத நாட்களில் யார் தலைவர் என்று பொடியன்களுக்குள் தகராறு வந்து, தேர்தல் வைக்கிறார்கள். ஒருவன் ஒவ்வொருவரிடமும் போய் அவரவருக்கு வேண்டியதைத் தருவதாகச் சொல்லி ஓட்டு வாங்குகிறான். ஜெயித்ததும் பொன்னாடை உடுத்தி ராஜா என்கிறான், தனக்கு அரண்மனை கட்டச் சொல்கிறான், எதிர்ப்பவனைச் சிறையில் போடுகிறான். ஊர் இரண்டாகி அடித்துக்கொள்ளும்போது பெரியவர் திரும்பிவருகிறார். பெயோவும் டெல்போர்ட்டும் 1960-களின் நடுவில் எழுதியது. வகுப்பு லீடர் தேர்தல் நடந்த சமயத்தில் இதைப் படித்த என் மகன், பென்சில் தருவதாகச் சொன்ன ஒரு பையனைப் பற்றி ராத்திரி வெகுநேரம் பேசினான். நான் ஒன்றும் விளக்கவில்லை, விளக்கவும் தேவைப்படவில்லை.

எல்லாக் கதையையும் இப்படி நீட்டிவிட மாட்டேன். ஈ கடித்த பொடியன் கறுப்பாகி, மூர்க்கமாகி, மற்றவர்களின் வாலைக் கடித்துத் திரியும் ஆரம்பக் கதை ஒன்று உண்டு. அமெரிக்கக் கார்ட்டூனிலும் பிறகு ஆங்கிலப் புத்தகத்திலும் அந்தக் கறுப்பை ஊதாவாக மாற்றிவிட்டார்கள். சரியான மாற்றம். கறுப்பு என்றால் கெட்டது என்று நம் பிள்ளைகளுக்குச் சொல்ல ஏற்கெனவே விளம்பரங்கள் போதுமான அளவுக்கு இருக்கின்றன. நூறு ஆண்களுக்கு நடுவே ஒரே ஒரு பெண்ணாகப் பொடிச்சி வரும் கதையையும் மகளுக்கு இப்போதைக்குத் தரவில்லை. அவளை ஊரில் குழப்பம் உண்டாக்கவே மந்திரவாதி கார்காமெல் செய்து அனுப்புகிறான். கறுப்புத் தலைமுடியோடு இருக்கும்வரை யாருக்கும் அவளைப் பிடிப்பதில்லை, பொன்முடியாக மாறியதும் எல்லோரும் மயங்கி விழுகிறார்கள். நன்றாக வரைந்த கதைதான், ஆனால் ஆறு வயசுப் பெண் குழந்தை தன் முடியைக் கண்ணாடியில் பார்த்துக்கொள்ளும் வயசு இது. பத்து வயசில் அவளோடு உட்கார்ந்து, இரண்டு பேருமாகச் சண்டைபோட்டுக்கொண்டே படிக்கலாம் என்றிருக்கிறேன்.

பொடியன்களைப் படிக்கப் படிக்க எனக்குள் வலுத்துக்கொண்டே வந்தது காரைக்கால் அம்மையாரின் நினைப்புதான். வில்லன் இல்லாத மாயக்கதை என்று ராக்கெட் கதையைக் கொண்டாடுகிறேனே, எங்கள் ஊரே வருஷா வருஷம் ஆனிப் பௌர்ணமியை ஒட்டி அப்படி ஒன்றைத் தெருவில் நடத்திக் காட்டுகிறதே! மாங்கனித் திருவிழாவைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அது நாள் நாளாகப் பிரித்துச் சொல்லும் படக்கதை. முதலில் மாப்பிள்ளை அழைப்பு. மறுநாள், பிற்பாடு அம்மையாரான புனிதவதியாருக்கும் பரமதத்தனுக்கும் கல்யாணம். பிறகு பவழக்கால் சப்பரத்தில் பிச்சாண்டவர் வீதியுலா. மாடியிலிருந்தும் வாசலிலிருந்தும் ஜனங்கள் மாம்பழத்தை வீச, கீழே நிற்பவர்கள் எம்பி எம்பிப் பிடிப்பார்கள். ஒவ்வொரு நாளும் ஒரு கட்டம். எழுத்தறியாதவர்களும் பிசகில்லாமல் படித்துவந்த கட்டங்கள்.

சேக்கிழார் சொன்ன அந்தக் கதையைச் சித்திரக்கதைக்காரன் கண்ணால் பாருங்கள். கணவன் அனுப்பிவைத்த இரண்டு மாம்பழம். பசியோடு வந்த அடியாருக்கு ஒன்று போய்விடுகிறது. மிச்சத்தைச் சாப்பிட்ட கணவன், ருசியாக இருக்கிறதே, இன்னொன்றையும் கொண்டுவா என்கிறான். அவள் உள்ளே போய் நின்று வேண்ட, கையில் ஒரு பழம். முன்னதைவிட ருசி. இது ஏது என்கிறான். உண்மையைச் சொல்கிறாள். அப்படியானால் இன்னொன்று வரவழை என்கிறான். வருகிறது, அவன் கைக்குப் போனதும் மறைகிறது. அவன் பயந்துபோய்க் கப்பலேறிவிடுகிறான். பாண்டிநாட்டில் இன்னொரு கல்யாணம் செய்துகொண்டு, பிறந்த பெண் குழந்தைக்குப் புனிதவதி என்றே பெயர் வைக்கிறான். உறவினர்கள் இவளை அங்கே கூட்டிப்போனால், மனைவி குழந்தையோடு காலில் விழுகிறான். அவள் இந்த உடம்பே வேண்டாம் என்று பேயுருவம் கேட்டு வாங்குகிறாள். கயிலை மலையைக் காலால் மிதிக்கக்கூடாதென்று தலையால் நடந்து ஏறுகிறாள். சிவன் அவளை அம்மையே என்று கூப்பிடுகிறார். கடல், கப்பல், மறையும் பழம், பேய், தலைகீழாக ஏறவேண்டிய மலை! எந்த நாட்டு மாயக்கதையில் இதைவிட அதிகமாக இருக்கிறது? இதிலும் வில்லன் கிடையாது. பரமதத்தன் கெட்டவன் இல்லை, கண்ணால் கண்டதைத் தாங்கமுடியாதவன்.

இதைப் பக்திப் படமாக நிறையப் பார்த்திருக்கிறோம். எனக்கு வேண்டியது பெயோ மாதிரியான கோட்டில் வரைந்த, ஐந்து வயசுக் குழந்தை தனியாகவே படித்துக்கொள்ளக்கூடிய ஒன்று. அதில் பேய் பயமுறுத்தும் பேயாக இருக்கக்கூடாது. அதற்கு நம் சிற்பிகளே வழிகாட்டியிருக்கிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் இருக்கும் சோழர் காலச் செப்புத் திருமேனியின் படத்தைப் பாருங்கள். வற்றிய உடம்பு, எலும்பு தெரிய உட்கார்ந்து கையில் தாளம் வைத்திருக்கும் அம்மையார். ஒடுங்கிய அந்த முகத்தில் என்ன ஒரு சந்தோஷம்! என் மகள் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, “இந்தப் பாட்டிக்குப் பாட்டுப் பிடிக்கும்போல” என்றாள். திருவாலங்காட்டில் ஆடுபவனின் காலடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டிருக்கிறார் என்று பெரியபுராணம் சொல்வதும் அதைத்தானே.

யாராவது செய்யட்டும் என்று காத்திராமல் வீட்டில் நாங்களே ஒன்று ஆரம்பித்திருக்கிறோம். டெல்போர்ட்டின் குட்டிப் புத்தகம்தான் மாதிரி. ஒரு ஏ4 தாளை மூன்று தடவை மடித்து ஓரத்தை வெட்டினால் பதினாறு பக்கம். அதற்குள் முழுக்கதையும் அடங்கவேண்டும். கப்பலுக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று மகன் அடம்பிடித்தான். துறைமுக ஊர்ப் பையன், கொடுத்துவிட்டேன். மாம்பழம் மறையும் கட்டத்தில் வெறும் உள்ளங்கையை மட்டும் வரைந்தால் போதும், வசனம் வேண்டாம் என்பது அம்மாவின் தீர்ப்பு. மகள் பரமதத்தனுக்கு மீசை வைக்கமாட்டேன் என்கிறாள். பயந்திருக்கும்போது மீசை எதற்கு என்று அவள் கட்சி.

கயிலைப் பக்கத்தைத் தலைகீழாக அச்சிடுவது என்று முடிவாகியிருக்கிறது. அந்த இடம் வந்ததும் படிப்பவர் புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துக்கொள்ளவேண்டும். மலையும் மேகமும் வரைந்தாயிற்று. சிவன் கூப்பிடும் பலூன் எந்தப் பக்கம் பார்க்கவேண்டும், நமக்கு நேராகவா, அம்மையாருக்கு நேராகவா என்பதில்தான் அண்ணனுக்கும் தங்கைக்கும் இன்னும் தீர்வு வரவில்லை.